சவுத்ஈஸ் முதல் ஈஸ்ட்போர்ன் வரை, ஒரே நாளில் 30 கிலோமீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்குக் குடிவந்த பிறகு எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது: சனிக்கிழமை அதிகாலை ரயிலேறி, எங்காவது இறங்கி, இருட்டும் வரை நடப்பது. எத்தனையோ தடங்களில் நடந்தாயிற்று, ஆனாலும் அடிக்கடி திரும்பிப் போவது இந்த ஒன்றுக்குத்தான். கூட வர ஆசைப்படும் நண்பர்கள் கேட்பதும் பெரும்பாலும் இதே கேள்விகள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் தேய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

இது எந்தப் பாதை?

இங்கிலாந்தின் தெற்குக் கரையை ஒட்டிச் சவுத் டவுன்ஸ் என்ற சுண்ணப்பாறைக் குன்றுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 'டவுன்' என்ற பெயரைப் பார்த்துப் பள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் அது குன்றைக் குறிக்கும் சொல். அந்தக் குன்றுகளின் முதுகிலேயே வின்செஸ்டர் நகரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை சுமார் 160 கி.மீ. நீளத்துக்குச் சவுத் டவுன்ஸ் வே ஓடுகிறது. 1972-இல் திறந்தார்கள். வின்செஸ்டர் வரையான பகுதி பின்னால் சேர்ந்தது. முழுவதையும் நடப்பவர்கள் எட்டு, ஒன்பது நாள் எடுத்துக்கொள்வார்கள். நாம் நடப்பது அதன் கிழக்குக் கோடியில் கடைசி 30 கி.மீ. மட்டும்.

சவுத்ஈஸ் என்ற சின்ன ரயில் நிலையத்தில் இறங்கி, ஃபெர்ல் பீக்கன் குன்றேறி, ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தில் இறங்கி, கக்மியர் ஆற்றோரம் கடலை நோக்கி நடந்து, 'ஏழு சகோதரிகள்' என்னும் வெள்ளைப் பாறை முகடுகளைத் தாண்டி, பீச்சி ஹெட் என்ற கடலோர உச்சி வழியாக ஈஸ்ட்போர்ன். அவ்வளவுதான் வழி.

ஒரே நாளில் 30 கி.மீ. என்னால் முடியுமா?

தெருவில் 10 கி.மீ. நடந்துவிட்டு மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போக முடிகிறதா? அப்படியானால் இரண்டு மாதத்தில் இதற்குத் தயாராகலாம். 15, 20, 24 என்று வாரம் மாற்றி வாரம் கூட்டிக்கொண்டே போங்கள். மூச்சைவிடப் பாதங்கள்தான் முதலில் மக்கர் பண்ணும்.

தூரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஏற்ற இறக்கத்துக்குக் கொஞ்சம் பயப்படலாம். இந்த நாளின் மிக உயரமான இடமே 217 மீட்டர்தான், ஆனால் ஏறியதை எல்லாம் இறங்கி, மறுபடி ஏற வைக்கும் வழி இது. எல்லா ஏற்றங்களையும் கூட்டினால் 900 மீட்டரை ஒட்டி வரும் என்பது என் கணக்கு. அதில் பாதிக்கு மேல் பிற்பகலில், கால் தளர்ந்த பிறகு வருகிறது. காலையில் காட்டும் வீராப்புக்கு இந்தப் பாதையில் மதிப்பே இல்லை.

எவ்வளவு நேரம் ஆகும்?

நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். இன்றும் நடப்பவர்கள் இதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நம் வழிக்கு அது ஏழரை மணி நேரம். அவர் நிற்காமல் நடப்பவருக்குச் சொன்னார். நாம் சாப்பிட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், ஷூவுக்குள் புகுந்த கல்லைக் கொட்ட வேண்டும். ஆக ஒன்பதரை முதல் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு முறை அக்டோபர் கடைசி வாரம் தூங்கி எழுந்து, சாவகாசமாக ரயில் பிடித்து, பத்தே முக்காலுக்கு நடக்க ஆரம்பித்தேன். முந்தின வாரம்தான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். அதனால் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே போய்விடும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. மூன்றரை மணிக்கு, சகோதரிகளுக்கு முன்னால் பஸ் நிறுத்தம் இருக்கும் எக்சீட்டில் நின்றபோதே வெயில் மஞ்சளாகிவிட்டது. அங்கேயே பஸ் ஏறியிருக்க வேண்டும். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று சகோதரிகள் மேல் ஏறினேன். கடைசி இரண்டு முகடுகளை மங்கல் வெளிச்சத்தில் தாண்டினேன். வலது பக்கம் பாறை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, கீழே கடலின் சத்தம் மட்டும் கேட்டது. முகடுகள் முடியும் பர்லிங் கேப்பில் இறங்கி, தார்ச்சாலையில் ஈஸ்ட் டீன் ஊர் வரை நடந்து பஸ் பிடித்தேன். அன்று முதல் நெற்றி விளக்கு இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை, ஜூன் மாதமாக இருந்தாலும்.

அப்படியானால் எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூன் கடைசியில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் நீளம்தான், ஆனால் குன்றின் முதுகில் ஒதுங்க மரம் கிடையாது. 'இங்கிலாந்து வெயில் நமக்கெல்லாம் ஒரு வெயிலா' என்று தொப்பியில்லாமல் வந்த மதுரைக்கார நண்பர் ஒருவர், மாலையில் தலைவலியோடு ரயிலில் சாய்ந்து கிடந்தார். காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வெயில் சுடுவது உறைக்காது. சிக்கலே அதுதான்.

குளிர்காலத்தில் ஆற்றோரப் பகுதி சில நாள் தண்ணீரில் மூழ்கிவிடும். ஈரமான சுண்ணப்பாறை சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம்.

மேற்கிலிருந்து கிழக்காக ஏன்? திருப்பி நடக்கக் கூடாதா?

தாராளமாக நடக்கலாம். ஆனால் இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. கிழக்கே நடந்தால் அது முதுகில் தள்ளிவிடும், திரும்பி நடந்தால் நாள் முழுக்க முகத்தில் அறையும். இன்னொன்று, ஈஸ்ட்போர்ன் பெரிய ஊர். சாப்பாடு, கழிப்பறை, அடிக்கடி ரயில் எல்லாம் உண்டு. களைத்துப்போய் வந்து சேர ஏற்ற இடம். சவுத்ஈஸ் நிலையத்தில் இரண்டு நடைமேடையும் காற்றும்தான்.

லண்டனிலிருந்து எப்படிப் போவது?

விக்டோரியாவிலிருந்து லூவிஸ் வரை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே சீஃபோர்ட் ரயிலுக்கு மாறினால் சில நிமிடத்தில் சவுத்ஈஸ். இந்தக் கிளைப் பாதையில் ரயில் அடிக்கடி கிடையாது, ஒன்றை விட்டால் நடைக்கான நேரத்தில் பெரிய துண்டு போய்விடும். மூன்று பேராகச் சேர்ந்து போனால் கூட்டச் சலுகையில் டிக்கெட் விலை மூன்றில் ஒரு பங்கு குறையும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலை என்று ரயிலுக்குப் பதில் பஸ் விடுவது இந்நாட்டு வழக்கம், அதையும் முந்தின நாள் பார்த்துவிடுங்கள்.

அடுத்தவர் வயலுக்குள் புகுந்து நடக்கலாமா? யாரும் கேட்க மாட்டார்களா?

எனக்கும் முதல் நாள் இதே கூச்சம்தான். கோதுமை வயல் நடுவே ஒரு தடம். வேலியில் ஒரு கேட், அதில் ஒரு மஞ்சள் அம்பு. எவரோ உழுது விதைத்த நிலம். நம் ஊரில் இப்படி நடந்தால் 'யாருப்பா அது' என்று ஒரு குரலாவது வரும். இங்கே எதிரே டிராக்டரில் வந்த விவசாயி கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

காரணம் அந்தத் தடம் பொதுவழி. நிலம் அவருடையது, அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லோருடையது. இப்படிப் பதிவான பொதுவழிகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 2,25,000 கி.மீ. இருக்கின்றன. தேவாலயத்துக்கும் சந்தைக்கும் ஆலைக்கும் தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்த வழிகள். ஒருமுறை பொதுவழியானால் அது என்றைக்கும் பொதுவழி என்பது இங்கே பழைய சட்டக் கொள்கை. முறைப்படி ஆணை போட்டு மாற்றினாலொழிய நில உரிமையாளர் அதை அடைக்க முடியாது. வயல் நடுவே போகும் வழியை அவர் உழுதால்கூட 14 நாளுக்குள் மறுபடி நடக்கும்படி, குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குச் சீர்செய்து தர வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆகையால் பயிருக்கு நடுவே தடம் தெரிந்தால் வெட்கப்படாமல் நேராக நடங்கள். பயிரை மிதிக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு வயலோரமாகச் சுற்றினால்தான் அத்துமீறல்.

பதிவான வழிகளுக்கு வெளியே, திறந்த மேட்டு நிலங்களில் உலாவும் உரிமை வேறு கதை. அது சும்மா கிடைக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று வடக்கே கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில், வேட்டைப் பறவைகளுக்காக அடைத்துவைத்திருந்த தனியார் நிலத்துக்குள் மான்செஸ்டர், ஷெஃபீல்ட் பகுதித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றே நுழைந்தார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20. அவரையும் சேர்த்து ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 2000-இல் திறந்த நிலங்களில் உலாவும் உரிமை சட்டமானது. அப்படியும் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் சுமார் 8 சதவீதத்துக்குத்தான் அந்த உரிமை. மீதியில் பாதையை விட்டு விலகக் கூடாது. சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவானது 2010-இல்தான்.

வழி எப்படித் தெரியும்?

மரக்கம்பங்களில் ஓக் கொட்டைச் சின்னம் இருந்தால் அது தேசிய நெடுநடைப் பாதை. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டுமான வழி. நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து.

இந்தத் தடத்தில் ஏமாறுகிற இடம் ஒன்றே ஒன்று. ஆல்ஃபிரிஸ்டனில் சவுத் டவுன்ஸ் வே இரண்டாகப் பிரியும். இரண்டுக்கும் அதே பெயர், அதே சின்னம். குதிரை வழி உள்நாட்டுப் பக்கமாக விண்டோவர் குன்றேறி ஜெவிங்டன் வழியாகப் போகிறது. கடலோரம் போக வேண்டியவர்கள் ஆற்றைப் பிடித்துக்கொண்டு தெற்கே லிட்லிங்டனை நோக்கிப் போக வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பிய இரண்டு பேர் மதியம் எனக்கு போன் பண்ணி, 'கடலைக் காணோமே' என்றார்கள்.

போனில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை அமைப்பின் வரைபடத்தை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். காகிதமும் வேண்டுமென்றால் 1:25,000 அளவிலான எக்ஸ்புளோரர் வரிசையில் ஓஎல்11, ஓஎல்25 இரண்டும். அதில் பச்சைக் கோடு துண்டு துண்டாக ஓடுவதெல்லாம் பொதுவழி. ஒரு சாயங்காலம் அந்தத் தாளை மேசையில் விரித்துப் பாருங்கள், எந்த ஊரைத் தொட்டாலும் நாலு பச்சைக் கோடு கிளம்பும்.

மலையேறும் பூட்ஸ் வாங்க வேண்டுமா?

கோடையில் நல்ல பிடிப்புள்ள ஓட்டக் காலணியே போதும். பாதையெங்கும் சுண்ணப்பாறையில் சக்கிமுக்கிக் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும், அதனால் அடி கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். புது ஷூவைப் போட்டுக்கொண்டு மட்டும் வராதீர்கள். காலுறை பருத்தியாக இருந்தால் வியர்வையில் ஊறிக் கொப்புளம் போடும், கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. பாதத்தில் லேசாகச் சூடு தட்டிய உடனே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். 'அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்' என்றால் அடுத்த ஊரில் கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள்.

சாப்பாடு, தண்ணீர்?

குன்றின் மேல் தண்ணீரே கிடையாது. இவ்வளவு மழை பெய்யும் நாட்டில் எப்படி என்றால், சுண்ணப்பாறை மழையை அப்படியே உறிஞ்சி உள்ளே இறக்கிவிடும். ஓடையும் ஊற்றும் அடிவாரத்தில்தான். ஆடுகளுக்காக அந்தக் காலத்தில் களிமண் பூசிக் குட்டை வெட்டினார்கள். அவை சில இன்னும் இருக்கின்றன, ஆனால் நாம் குடிப்பதற்கு இல்லை. ஆகவே கிளம்பும்போதே இரண்டு லிட்டர். ஆல்ஃபிரிஸ்டனில் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு என் ஓட்டு புளியோதரைக்கு. கெட்டுப்போகாது, சில்லென்று ஆனாலும் தொண்டையில் இறங்கும், உப்பும் உறைப்பும் வியர்த்த உடம்புக்குத் தெம்பு. ஃபெர்ல் பீக்கன் காற்றில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டு ஒருதரம் பல் கிடுகிடுத்தது, அதோடு அதை விட்டாயிற்று. கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட் எப்போதும் பையின் வெளிப்பக்கத்தில்.

பப்பில் உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டால் ஒரு மணிக்குள் போய்ச் சேருங்கள். பல பப்களில் மதியம் இரண்டரைக்கெல்லாம் சமையலறையை மூடிவிடுவார்கள்.

காலைப் பகுதி எப்படி இருக்கும்?

நிலையத்தை விட்டுக் கிழக்கே நெடுஞ்சாலையைப் பாலத்தில் கடந்ததும் இட்ஃபோர்ட் குன்று நெட்டுக்குத்தாக நிற்கும். பத்து நிமிடத்தில் பேச்சு நின்றுவிடும். மேலே ஏறிவிட்டால் அடுத்த இரண்டு மணி நேரமும் முதுகெலும்பு மேல் நடப்பது போல, இரண்டு பக்கமும் சரிவு. வலது பக்கம் கடல், நியூஹேவன் துறைமுகம், பிரான்சில் உள்ள தியெப்புக்குப் போகும் கப்பல். இடது பக்கம் வீல்ட் என்னும் தாழ்நிலம், வேலி வேலியாகப் பிரிந்த வயல், நடுநடுவே தேவாலயக் கூம்பு. உழப்படாத புல்லில் ஆடுகள். தலைக்கு மேல் எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத உயரத்தில் வானம்பாடி கத்திக்கொண்டிருக்கும். அந்தப் பறவையின் பெயரைச் சின்ன வயதிலிருந்து வாசித்திருக்கிறேன், குரலை முதலில் கேட்டது இங்கேதான்.

ஃபெர்ல் பீக்கன் உச்சியில் புல் மூடிய மேடுகள் தெரியும். அவை வரலாற்றுக்கு முந்தைய புதைகுழிகள். காற்று நன்றாக இருக்கும் நாட்களில் அந்த விளிம்பிலிருந்து பாராகிளைடரில் குதிப்பார்கள். நாம் மூச்சு வாங்கி ஏறிய உயரத்தை அவர்கள் ஒரு நொடியில் காற்றுக்குக் கொடுத்துவிடுவதைப் பார்த்தால் சற்று எரிச்சல் வரும்.

ஆல்ஃபிரிஸ்டனில் என்ன பார்க்கலாம்?

நேரம் இருந்தால் ஒன்றே ஒன்று. தேவாலயத்துக்குப் பக்கத்தில் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கூரை வீடு இருக்கிறது, பாதிரிமார் வீடு. இடிந்து விழும் நிலையில் இருந்ததை 1896-இல் நேஷனல் டிரஸ்ட் 10 பவுண்டுக்கு வாங்கியது. இன்று நாடெங்கும் கோட்டையும் மாளிகையும் வைத்திருக்கும் அந்த அமைப்பு முதன்முதல் வாங்கிய கட்டிடம் இந்த ஓலைக்கூரைதான்.

குன்றில் வரைந்த பெரிய மனித உருவம் இந்த வழியில் வருமா?

வராது. வில்மிங்டன் நெட்டை மனிதன் மற்ற கிளையில், உள்நாட்டுப் பக்கம் இருக்கிறான். 72 மீட்டர் உயரம், இரண்டு கையிலும் கோல். கற்காலத்தவன் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 2003-இல் ஆய்வு செய்தபோது 16 அல்லது 17-ஆம் நூற்றாண்டு என்று தெரிந்தது. இன்னொரு நாள் அவனுக்குத் தனியாக ஒதுக்குங்கள்.

ஏழு சகோதரிகள் உண்மையில் ஏழுதானா?

எண்ணினால் எட்டு வரும். எட்டாவதை ஏன் சேர்க்கவில்லை என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். உங்கள் கால்களுக்கு அந்த விவாதம் தேவையில்லை, அவை எட்டையும் எண்ணும்.

லிட்லிங்டன் தாண்டி ஃப்ரிஸ்டன் காட்டுக்குள் வெஸ்ட்டீன் என்ற குட்டி ஊர். அங்கிருந்து இருநூற்றுச் சொச்சம் படிகள் ஏறி மேலே நின்றால் திடீரென்று மரங்கள் விலகி, கக்மியர் ஆறு பாம்பு நெளிவது போலப் பசும்புல் நடுவே கடலுக்குப் போவது தெரியும். இந்த நாளின் மிக அழகான காட்சி எனக்கு இதுதான், சகோதரிகள்கூட அடுத்துத்தான். கீழே எக்சீட்டில் கழிப்பறை, காபி, பஸ் நிறுத்தம் எல்லாம் உண்டு. இங்கே உங்கள் கடிகாரத்தையும் கால்களையும் நேர்மையாகக் கேளுங்கள்.

அப்புறம் முகடுகள். இங்கே ஒரு ஏமாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காலண்டரில் பார்க்கும் அந்தப் படம், முன்னால் இரண்டு மூன்று ஓட்டு வீடுகள், பின்னால் வரிசையாக வெள்ளைச் சுவர்கள், ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து எடுப்பது. நீங்கள் இருப்பது கிழக்குக் கரை. சகோதரிகளின் தலை மேல் நடக்கும்போது அவர்கள் முகம் தெரியாது. உங்களுக்குத் தெரிவது புல், இறக்கம், ஏற்றம், மறுபடி புல். பர்லிங் கேப் வந்து கடற்கரைக்கு இறங்கித் திரும்பிப் பார்த்தால்தான் எதன் மேல் நடந்தோம் என்று புரியும்.

பாறை ஏன் அவ்வளவு வெள்ளை?

கண்ணுக்குத் தெரியாத கடல் உயிரிகளின் ஓடுகள் பல கோடி ஆண்டு படிந்து ஆன பாறை அது. வெள்ளை மங்காமல் இருப்பதற்குக் காரணம் கடலரிப்பு. அடியை அலை குடையக் குடைய மேலே இருப்பது சரிந்து, புது முகம் வெளியே வருகிறது. அலை தொடாமல் விட்டால் செடி முளைத்துப் பச்சையாகிவிடும். பர்லிங் கேப்பில் வரிசையாக இருந்த கடலோரக் காவலர் வீடுகளில் சிலவற்றைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. அதைத் தாண்டி மேட்டில் நிற்கும் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தை 1999-இல் கட்டிடத்தோடு தூக்கி, தண்டவாளம் போன்ற உத்திரங்கள் மேல் 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள்.

விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நடக்க வேண்டும்?

குறைந்தது ஐந்து மீட்டர். நான் பத்து. மேலிருந்து பார்க்கும்போது புல்தரை உறுதியாகத்தான் தெரியும், அடியில் பாறை இருக்கிறதா இல்லையா என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுப் போட்டோ எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். அவர்களைப் பார்த்துத் தைரியம் கொள்ள வேண்டாம். பாறைக்கு அடியிலும் ஒதுங்கி உட்காரக் கூடாது, எச்சரிக்கை இல்லாமல் கல் விழும். ஆபத்து என்றால் 999 அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள்.

போன் விஷயத்தில் ஒரு வேடிக்கை. பீச்சி ஹெட் பக்கம் சில சமயம் கடல் தாண்டி பிரெஞ்சு சிக்னல் கிடைத்து, 'பிரான்சுக்கு நல்வரவு' என்று செய்தி வரும். போனின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தாவிவிடும். ரயிலைத் தவறவிட்டோம் என்று பதறி ஓடியிருக்கிறோம். ரோமிங்கை அணைத்துவையுங்கள்.

மாடுகள் முட்டுமா?

பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான். கன்றோடு நிற்கும் பசுக்களிடம் மட்டும் கவனம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாமல், தள்ளிச் சுற்றிக்கொண்டு போங்கள். பின்னால் வந்தால் ஓடக் கூடாது, நின்று திரும்பிக் கையை அகல விரித்தால் தயங்கி நிற்கும். நாய் கூட இருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய் மேல்தான், நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும். கேட்டைத் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போவது இங்கே எழுதாத சட்டம் மட்டுமில்லை, எழுதியே வைத்திருக்கிறார்கள்.

பூச்சி, செடி என்று பயப்பட ஏதாவது?

உண்ணி. உயரமான புல்லிலும் புதரிலும் நடந்தால் கணுக்காலில் ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகி நசுக்காமல், நேராக மேலே இழுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்ல வேண்டும், லைம் நோயாக இருக்கலாம். ஆற்றோரம் காஞ்சொறி உண்டு. நம் ஊர்க் காஞ்சொறிக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம், அரைமணி நேரம் எரியும்.

எதிரே வருபவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டுமா?

ஆமாம். லண்டன் ரயிலில் முட்டி இடித்தாலும் முகம் பார்க்காத அதே மனிதர்கள், குன்றேறியதும் 'மார்னிங்' என்பார்கள். பதிலுக்கு நீங்களும் 'மார்னிங்', கூடவே காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மதியம் ஒரு மணிக்குக்கூடச் சிலர் 'மார்னிங்' என்பார்கள், திருத்த வேண்டாம். ஆனால் எக்சீட் தாண்டியதும் சுற்றுலாக் கூட்டம் வந்துவிடும், அங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தால் வாய் வலிக்கும். எதிரே வருபவர் சேற்று ஷூவோடு இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

தனியாகப் போகலாமா? குழந்தைகளோடு?

தனியாகத்தான் நான் அதிகம் போயிருக்கிறேன். வார இறுதியில் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். கிளம்பும் நேரத்தையும் எந்த ரயிலில் திரும்புவேன் என்பதையும் வீட்டில் சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்கு முழு வழியும் வேண்டாம், எக்சீட்டிலிருந்து பர்லிங் கேப் வரை சுமார் 6 கி.மீ. போதும். அதற்குள்ளேயே 'இன்னும் எத்தனை சகோதரி' என்று நச்சரிப்பார்கள்.

பாதியில் முடியாமல் போனால்?

எக்சீட்டில் 12-ஆம் எண் பஸ், பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் நடுவே ஓடுகிறது. பர்லிங் கேப்பிலிருந்து ஈஸ்ட் டீனுக்கு நடந்தாலும் அதே பஸ் கிடைக்கும். ஆனால் சகோதரிகள் மேல் நின்றுகொண்டு முடியவில்லை என்றால் வழியில்லை, முன்னாலோ பின்னாலோ நடந்தே ஆக வேண்டும்.

வழியில் கூடாரம் போட்டு இரவு தங்கலாமா?

நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் கூடாது. நடக்கும் உரிமையில் படுக்கும் உரிமை சேராது. சவுத்ஈஸ் நிலையத்தை ஒட்டியே இளைஞர் விடுதி ஒன்று உண்டு, முந்தின இரவு அங்கே தங்கினால் காலையில் ஏழு மணிக்கே குன்றில் ஏறிவிடலாம்.

முடிவில் என்ன இருக்கிறது?

பீச்சி ஹெட்டில் 162 மீட்டர் செங்குத்து. பிரிட்டனின் சுண்ணப்பாறைக் கடற்சுவர்களில் இதுவே மிக உயரம். நேர் கீழே கடலுக்குள் 1902-இல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம், மேலிருந்து பார்த்தால் சதுரங்கக் காய் அளவு. மேட்டில் இருந்த பெல் டூட்டின் விளக்கை அடிக்கடி மூடுபனி மறைத்ததால்தான் புதியதைக் கீழே கட்டினார்கள். அதன் பட்டைகளுக்கு இனி வர்ணம் பூசப்போவதில்லை என்று நிர்வாகம் அறிவித்தபோது, ஊர் மக்கள் பணம் திரட்டி 2013-இல் பூச வைத்தார்கள்.

அங்கிருந்து இறக்கம்தான். ஈஸ்ட்போர்ன் முழுவதும் காலடியில் விரியும், வெள்ளைக் கட்டிடங்கள், கடலுக்குள் நீளும் கேளிக்கைப் பாலம். கடைசிப் புல்சரிவு எதிர்பாராத செங்குத்து, முழங்கால் இரண்டும் அங்கேதான் கதறும். சரிவு முடிந்த இடத்தில் பாதைக்கான தகவல் பலகை, அதை ஒட்டி ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெரு, நிறுத்தியிருக்கும் கார்கள். கைதட்ட ஆள் இல்லை. ரயில் நிலையத்துக்கு இன்னும் இரண்டரை கி.மீ. சொச்சம் இருக்கிறது, அதைச் சொன்னதும் கூட வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. வழியில் ஒரு கடையில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் பொட்டலம் வாங்கிக்கொள்வோம். விக்டோரியா ரயிலில் உட்கார்ந்ததும் ஷூ நாடாவை மட்டும் தளர்த்துங்கள். கழற்றிவிட்டால் லண்டனில் இறங்கும்போது கால் திரும்ப உள்ளே போகாது.